தோல் நோட்டு

கோடியாக் தீவில் முப்பது வருடமாகத் தோல்படகு தைத்துப் பிழைக்கும் அகஃபியா, தீவை ஆளும் வியாபாரக் கம்பெனி காகிதப் பணத்துக்குப் பதிலாகத் தரும் தோல் நோட்டை மோந்து பார்க்காமல் வாங்கமாட்டாள். அன்று கூலியாக வந்த நோட்டின் ஓரத்தில் சாய்வாக ஊசித் துளைகள் தெரிந்தன. அந்தச் சாய்வு அவள் கைக்கு மட்டுமே வரும்.

"குமாஸ்தா ஐயா, இது நான் தச்ச படகோட தோலாச்சே! போன வருஷம் தோல் மட்டம், காசு கிடையாதுன்னு நீங்கதானே பிடுங்கி வெச்சீங்க?"

"அப்ப அது வெறும் தோல். இப்ப முத்திரை விழுந்திருக்கு, ஒரு ரூபிள்," என்றார் குமாஸ்தா தெரெந்தி.

"முத்திரை விழுந்தா மட்டத் தோலும் செல்லுமா?"

"தாராளமா செல்லும்மா."

அகஃபியா மேஜைமேல் கையை நீட்டினாள். "அப்போ அந்த முத்திரையை இப்படிக் குடுங்க. வீட்டுல இன்னொரு படகு இருக்கு. நானே குத்தி வெட்டிக்கறேன்."