'மறுகா' எங்கட கோப்பில இருந்தது

இண்டைக்குக் களுவாஞ்சிக்குடியில இருந்து வெல்லாவெளிக்குப் பஸ்ஸில போனன்.

பக்கத்தில இருந்த அம்மா போனில மகளோட கதைச்சிட்டு வந்தா. "நீ சாப்பிடு புள்ள. நான் மறுகா வாறன்."

பிறகு எண்டதை நாங்க 'மறுகா' எண்டுதான் சொல்லுறம். எங்கட சொல் பட்டியலில அதைச் சேர்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

கெம்பஸில படிக்கக்குள்ள நானும் தாரணியும் தொடங்கின பட்டியல் அது. இலவசமாக் கிடைச்ச ஒரு சின்ன மென்பொருளை வைச்சு, மட்டக்களப்புச் சொற்களை வெறும் எழுத்துக் கோப்பு ஒண்டில சேர்த்தம். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள், கேட்ட இடம், உதாரணம் எண்டு மூணு வரி.

நாலு வருசத்துக்கு முதல் அவள் மெல்பனுக்குப் போனாள். கதைக்கிறது குறைஞ்சு, பிறகு நிண்டே போயிற்று. கோப்பு மட்டும் இணையத்தில ரெண்டு பேருக்கும் பொதுவாக் கிடந்தது.

பஸ்ஸிலேயே அதைத் திறந்து தேடினன். சொல் ஏற்கனவே இருக்கு. போன மாசம் தாரணி சேர்த்திருக்கிறாள்.

பொருள்: பிறகு.
கேட்ட இடம்: மெல்பன், என்ட அறை. நான்தான் சொன்னன், நான்தான் கேட்டன்.

உதாரணம் எழுத வேண்டிய வரியை வெறுமையா விட்டிருந்தாள்.

நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிற்று. அந்த வரியில எழுதினன்: "மறுகா வாறன் எண்டுதானே போனாய்."

மென்பொருள் வழக்கம்போலப் பதிவைச் சரிபார்த்து, பிழை ஒண்டும் இல்லை எண்டு சொல்லிச்சு. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

வெளிநாட்டில இருக்கிற ஆக்கள், தனிய இருக்கக்குள்ள உங்கட வாயில வாற ஊர்ச் சொல் என்ன? கீழ எழுதுங்க, கோப்பில இடம் இருக்கு.