ஸ்விட்சர்லாந்து போன எதிர்வீட்டுக்காரர்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி லிஃப்டில் ஒரே ஒரு கேள்விதான்.

"இஸ் பார் கஹான்?" – இந்தத் தடவை எங்கே?

எங்கே என்றால் எந்த நாடு என்று அர்த்தம். உள்நாட்டு ஊர்களெல்லாம் கணக்கில் சேராது. இந்த வருடம் ஐந்தாவது மாடி மிஸஸ் அரோரா என்னைக் கேட்டபோது, "கும்பகோணம்" என்றேன். உறவில் ஒரு கல்யாணம். அவர் ஒரு விநாடி யோசித்தார். பிறகு என் தோளைத் தட்டிக்கொடுத்து, "கோயி பாத் நஹீ" என்றார். பரவாயில்லை, மனசைத் தளரவிடாதே என்பதுபோல.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இவர் ரிட்டையர் ஆகிறவரை லோதி ரோடு பக்கம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே மட்டும் எல்லாரும் மகான்களா? அதெல்லாம் இல்லை. பெரிய வீட்டு டைப் ஃபோர்க்காரர் சின்ன வீட்டு டைப் த்ரீக்காரரைப் பார்க்கிற பார்வையே தனி. ஆனால் ஒரு சௌகரியம்... யாருக்கு என்ன சம்பளம் என்பது ஊருக்கே தெரியும். பே கமிஷன் வந்தால் பேப்பரிலேயே போட்டுவிடுவார்கள். பொய் சொல்ல வழியே கிடையாது.

சொசைட்டியில் வழி உண்டு. அதனால் அவசியமும் உண்டாகிவிடுகிறது.

எதிர் ஃப்ளாட்டில் இருந்தவளை மாலதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். திருச்சிக்காரி, நாற்பது வயதிருக்கும். கணவன் ரவிக்கு குர்காவ்ன் கம்பெனி ஒன்றில் பெரிய வேலை. ஒரே பெண் அனு, ப்ளஸ் ஒன் போகப்போகிறவள். டெல்லியிலேயே பிறந்தவள் என்பதால் தமிழில் ஆரம்பித்து, பாதியில் ஹிந்திக்கு இறங்கிவிடுவாள்.

குடிவந்த புதிதில் மாலதி என்னோடு செவ்வாய்க்கிழமை சந்தைக்கு வருவாள். இரண்டு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போவோம். பேரம் பேசுவதில் கெட்டிக்காரி. கொத்தமல்லியை ஓசியில் வாங்காமல் நகரமாட்டாள். ஒருநாள் திரும்பி வரும்போது கேட்டருகில் மிஸஸ் அரோரா காரிலிருந்து தலையை நீட்டி, "அடடா, நீங்கள் இன்னும் அங்கேதான் வாங்குகிறீர்களா? ஹைஜீனிக்காக இருக்குமா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

அவ்வளவுதான். அடுத்த செவ்வாய் மாலதிக்குத் தலைவலி. அதற்கடுத்த வாரம் விருந்தாளி. பிறகு நானே கூப்பிடுவதை விட்டுவிட்டேன். காய்கறி அவள் வீட்டுக்கு டெலிவரி பையில் வர ஆரம்பித்தது.

அப்புறம் சோபா மாறியது. கார் மாறியது. வாசலில் ஆளுயரப் புத்தர் சிலை வந்தது. மாலதி கெட்டவள் இல்லை. நல்லவள். அவள் ரசத்துக்கு நாங்கள் அடிமை. கிண்ணத்தில் ரசம் வரும், நான் தோசை மாவு கொடுத்தனுப்புவேன். ஆனால் லிஃப்டில் யாராவது கூட இருந்தால் மட்டும் என்னிடம் இங்கிலீஷில் பேசுவாள்.

மே கடைசியில் மாலதி சொன்னாள், "ஸ்விட்சர்லாந்து போறோம்க்கா. செடிக்கு மட்டும் கொஞ்சம் தண்ணி ஊத்திடுங்க."

பெட்டிகள் லிஃப்டில் இறங்கின. டாக்ஸி வந்தது. மிஸஸ் அரோரா பால்கனியிலிருந்து கையசைத்தார். மூன்றாம் நாளிலிருந்து சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் படங்கள். பனிமலை. ஏரி. கழுத்தில் மணி கட்டிய பசுமாடு. எல்லாரும் இதயம் போட்டார்கள். நானும் போட்டேன். ஒரு படத்தில்கூட அவர்கள் மூன்று பேர் முகமும் இல்லை என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

ஜூன் வந்தது. டெல்லி வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாயைத் திறந்தால் டீ போடலாம், அந்த மாதிரி தண்ணீர். ஒரு நாள் காலை காரிடாரில் மாலதியின் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பூட்டிய கதவின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது... பெருங்காய வாசனை. நெய்யில் கடுகும் பெருங்காயமும் பொரிகிற வாசனை. ரசத்துக்குத் தாளிக்கிறார்கள்.

உள்ளே ஓடிவந்து இவரிடம், "எதிர் வீட்டுல யாரோ இருக்காங்க. திருடனோ என்னவோ" என்றேன்.

இவர் பேப்பரை மடித்துவைத்தார். "திருடன் வந்து ரசம் வெப்பானா?"

 பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. மூடியே கிடக்கிற ஜன்னல். பட்டப்பகலில் இழுத்துவிட்ட திரை. அந்தப் பசுமாடு.

கதவைத் தட்டலாமா? தட்டி என்ன சொல்வது? "எப்போ வந்தீங்க" என்றா? வேண்டாம் என்று இவர் சொன்னார். "அவங்களா சொல்ற வரைக்கும் நமக்குத் தெரியாது. அதான் மரியாதை."

சரி என்றுதான் எனக்கும் பட்டது. ஆனால் மதியம் எங்கள் ஏசி ஓடும்போது உடம்பு கூசியது. பின் பால்கனியில் எங்கள் ஏசியின் வெளிப்பெட்டியும் அவர்களுடையதும் அடுத்தடுத்துதான் இருக்கின்றன. எங்களுடையது இரைகிறது. அவர்களுடையது அசையவில்லை. அது ஓடினால் கீழே நிற்கிறவனுக்கும் கேட்கும். நாலு பக்கமும் அடைத்துக்கொண்டு, அந்த வெயிலில், மூன்று பேர் உள்ளே எப்படி இருக்கிறார்கள்?

வீட்டுக்குள் ஸ்விட்சர்லாந்து நடந்துகொண்டிருந்தது.

சில நாள் கழித்து ஒரு மதியம், எங்கள் கதவை யாரோ நகத்தால் சுரண்டுவதுபோலத் தட்டினார்கள். அனு. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. முகம் வெந்துபோயிருந்தது.

"ஆன்ட்டி, பப்பா விழுந்துட்டாங்க. உட் ஹீ நஹீ ரஹே..." எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாராம். சத்தமாக அழக்கூட அவளுக்குப் பயம்.

ஓடினோம். கதவைத் திறந்ததும் அடுப்பு வாயைத் திறந்ததுபோல் ஒரு காற்று. ஹாலில் இருட்டு. பனியனோடு ரவி தரையில் கிடந்தார். கண் பாதி மூடியிருந்தது, வாய் ஏதோ குழறியது. தொட்டுப் பார்த்தேன். வேர்வையே இல்லை, நெருப்பாகக் கொதித்தது. மாலதி ஈரத் துண்டால் அவர் மார்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது நிம்மதி இல்லை. மாட்டிக்கொண்ட முகம்.

இவர் ஃபோனை எடுத்தார். "ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்."

மாலதி சடாரென்று எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் சார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா எல்லாரும் பால்கனிக்கு வந்துருவாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மாலதி, உனக்கு ஆளு முக்கியமா, மானம் முக்கியமா?"

"ரெண்டுந்தான்க்கா" என்றாள். யோசிக்காமல் சொன்னாள்.

வாதாட நேரமில்லை. நர்சிங் ஹோம் பக்கத்திலேயே இருந்தது. எங்கள் கார் பேஸ்மென்ட்டில் நின்றது. இவரும் நானும் ரவியை ஆளுக்கொரு பக்கமாகத் தாங்கி லிஃப்டில் ஏற்றினோம். மாலதி துப்பட்டாவை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அனு அப்பாவின் செருப்பைக் கையில் வைத்திருந்தாள்.

லிஃப்ட் ஐந்தாவது மாடியில் நின்றது.

யார் என்று சொல்லவும் வேண்டுமா?

மிஸஸ் அரோரா உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார். எங்கள் தோளில் தொங்குகிற ரவியைப் பார்த்தார். "அரே, ஸ்விட்சர்லாந்திலிருந்து எப்போது வந்தீர்கள்?"

 சொல்லிவிடு மாலதி, என்று மனசுக்குள் கெஞ்சினேன். உதவி வேண்டும் என்று சொல். அந்தப் பெண்மணியும் ஒரு மனுஷிதானே?

மாலதி துப்பட்டாவை விலக்கி, நிமிர்ந்து, புன்னகை செய்தாள். "ஜஸ்ட் நௌ. இவருக்குக் கொஞ்சம் ஜெட் லாக்."

"ஜெட் லாக் ரொம்ப மோசம்" என்றார் மிஸஸ் அரோரா. கனடா போய்விட்டு வந்தபோது அவர் கணவருக்கும் இப்படித்தானாம். பிசினஸ் கிளாஸில் வந்தால் அவ்வளவாகத் தெரியாதாம். தரைத்தளத்தில் கதவு திறந்த பிறகும், அதை மூடவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மெலட்டோனின் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார்.

அந்தக் கதவை மூட நான் பொத்தானை அழுத்திய அழுத்தத்தில் என் விரல் வலித்தது.

ரவி பிழைத்துக்கொண்டார். ஹீட் ஸ்ட்ரோக். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். "வீட்டில் ஏசி இல்லையா?" என்று கேட்டார். "ரிப்பேர்" என்றாள் மாலதி. அங்கேயும்.

சாயங்காலம் ரவிக்குப் பேச்சு தெளிந்ததும் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். குளிர்காலத்திலேயே வேலை போய்விட்டதாம். இன்னொன்று கிடைக்கவில்லையாம். லீவுக்கு இங்கே பக்கத்தில் ஃபரிதாபாத்தில் கஸின் வீட்டில் இருந்துவிடலாம் என்று போனார்களாம். ஒரு வாரத்தில் அங்கே முகம் மாற ஆரம்பித்துவிட்டது. பெட்டிகளை அங்கேயே விட்டுவிட்டு, கேட் காவலாளிகூட அறையைவிட்டு வராத உச்சி வெயிலில், பின்கேட் வழியாக ஒவ்வொருவராக வந்து, படியேறி வீட்டுக்குள் போயிருக்கிறார்கள்.

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே ரவி" என்றார் இவர்.

"வேலை போச்சுன்னுகூடச் சொல்லியிருப்பேன் சார். இந்த வருஷம் எங்கயும் போகலைன்னுதான் சொல்ல முடியல."

வெளியே பெஞ்சில் மாலதி பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு, "நாங்க கும்பகோணம்னுதான் சொன்னோம். யாரு என்ன பண்ணிட்டாங்க?" என்றேன்.

"உங்களுக்கென்னக்கா. பென்ஷன் வருது, பிள்ளைங்க செட்டிலாயாச்சு. நீங்க கும்பகோணம்னா எளிமைன்னு சொல்லுவாங்க. நாங்க சொன்னா என்ன ஆச்சுன்னு தோண்டுவாங்க." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள், "அனுவை அவ ஃப்ரெண்ட்ஸ் சேத்துக்க மாட்டாங்கக்கா. உங்களுக்குத் தெரியாது."

  அனு எதிர்ச்சுவரில் சாய்ந்தபடி ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது சிவந்த கண்ணோடு யாருக்கோ ஒரு ஏரிப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் எங்கள் மணி அடித்தது. மாலதி. புது சுடிதார், லேசாக லிப்ஸ்டிக். கையில் ஒரு கூடை. வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வருகிறாள்.

"ஸ்விஸ் சாக்லேட்க்கா" என்றாள்.

எனக்குமா? எனக்கும்தான். அவள் கண்ணைப் பார்த்தேன். அது என் காதுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. காலனி மார்க்கெட்டில், பெரிய கடையின் கண்ணாடிப் பெட்டியில் அதே சாக்லேட்டை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்கிக்கொண்டேன். "தேங்க்ஸ் மாலதி. ட்ரிப் நல்லா இருந்துதா?" என்று நானே கேட்டேன். ஏன் கேட்டேன்? அவளுக்கு அது தேவையாக இருந்தது.

"ரொம்பக் குளிர்க்கா" என்றாள்.

அதுதான் மாலதி என்னோடு கடைசியாக நின்று பேசியது என்று சொன்னால் நம்புவீர்களா? அதற்கப்புறம் ரசக் கிண்ணம் வரவில்லை. நான் தோசை மாவு கொண்டுபோனால், "இப்பதான் வாங்கினேன்க்கா" என்று கதவைப் பாதி திறந்து பதில் வரும். நான் லிஃப்டுக்கு வந்தால் அவள் மாடிப்படியில் இறங்கினாள். மிஸஸ் அரோராவோடு சிரித்துப் பேச அவளால் முடிந்தது. அவருக்கு எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். அவள் புருஷனைத் தூக்கிய கைகள் என்பதால்தான் என் கைகளை அவளால் பார்க்க முடியவில்லை.

செப்டம்பரில் வீட்டைக் காலி செய்தார்கள். குர்காவ்னில் இன்னும் பெரிய ஃப்ளாட் என்று குரூப்பில் எழுதியிருந்தாள். எல்லாரும் இதயம் போட்டார்கள். கிளம்புகிற அன்று நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் லாரி வந்துபோயிருக்கிறது. நான் கோயிலுக்குப் போகிற நேரம் அவளுக்குத் தெரியும்.

"முன்னுக்கு வந்துவிட்டார்கள்" என்று மிஸஸ் அரோரா லிஃப்டில் பெருமூச்சு விட்டார். "ஹான் ஜி" என்றேன். அவர் பெருமூச்சிலும் ஏதோ ஒரு பயம் இருந்ததுபோலத் தோன்றியது. அவர் வீட்டுத் திரைக்குப் பின்னால் என்னவோ, யார் கண்டது?

ரவிக்கு வேலை கிடைத்ததா, உண்மையில் எந்தப் பேட்டைக்குப் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. இவர் செய்த ஃபோனை யாரும் எடுக்கவில்லை. பெருமை பேசுகிறவர்களைக் கண்டு ஒதுங்கி நடக்க எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பயந்து உயிரையே பணயம் வைக்கிறவர்களை என்ன சொல்லி வெளியே கூப்பிடுவது? என் வயதுக்கும் அனுபவத்துக்கும் ஒரு வார்த்தை அகப்படவில்லை.

போன வாரம் எதிர்வீட்டுக்குப் புதுக்குடித்தனம் வந்தது. இளம் பெண். பெயரைச் சொல்வதற்கு முன்னால், துபாயிலிருந்து வருகிறோம் என்றாள். சந்தோஷம் என்றேன். வெயில் தாங்கவில்லை என்றால் எந்த நேரமானாலும் எங்கள் வீட்டுக்கு வந்து உட்காரலாம் என்றும் சொன்னேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நவம்பர் மாதம், இருவருமே ஸ்வெட்டர் போட்டிருந்தோம்.