பானையில் போட்ட தாளம்

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். என் பிறந்தநாளுக்கென்று மகள் என்னை லண்டனின் நடுவில் உள்ள பெரிய அரங்கொன்றுக்கு இசை நாடகம் பார்க்கக் கூட்டிப்போனாள். பழைய அமெரிக்க நாவல் ஒன்றைப் புதிதாக மேடையேற்றியிருந்தார்கள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடமாக இருந்த புத்தகம் அது. தெற்கு லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் உள்ள எங்கள் கடைக் கல்லாவில் இருந்தபடி, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு நானும் அதை மூன்று மாதத்தில் வாசித்து முடித்திருந்தேன். நிலத்தைப் பறிகொடுத்த ஒரு குடும்பம் சட்டி பானையோடு ஊரை விட்டுப் போகிற கதை. கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து அழுதும் இருக்கிறேன்.

மேடையில் என்ன நடந்தது தெரியுமா? வீட்டை விட்டுப் புறப்படுகிற அந்தக் கட்டத்தில், அத்தனை பேரும் பானைகளைத் தட்டித் தட்டி ஆடினார்கள்! கரண்டியால் தாளம், சுற்றிச் சுற்றிக் குதிப்பு. சனம் தாளத்துக்குக் கைதட்டியது, என் மகளும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலியாண வீட்டுக்கா போகிறார்கள்?

முடிவில் அரங்கமே எழுந்து நின்றது. நான் அசையவில்லை.

"அம்மா, எல்லாரும் எழும்பிட்டினம். பிளீஸ், எழும்புங்கோ," என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏலாது" என்றேன்.

வாசலுக்கு வந்ததும் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "எவ்வளவு ஆசையாக் கூட்டிக்கொண்டு வந்தனான். ஏனம்மா இப்பிடிச் செய்யிறீங்கள்?"

என்னால் வாயை அடக்க முடியவில்லை. அவ்வளவு சனத்துக்கு நடுவில் நின்று கத்தினேன். "ஊரை விட்டு வெளிக்கிடேக்கை ஆரும் ஆடுவினமோ? எனக்கு அப்ப பதினாலு வயது. குண்டு விழ விழ, உலையிலை கொதிச்ச சோத்தைப் பானையோடை தூக்கிக்கொண்டு ஓடினனான். இந்தா, பார்!" கோட்டின் கையை மேலே இழுத்துத் தழும்பைக் காட்டினேன்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அது சமைக்கேக்கை சுட்டதெண்டுதானே எனக்குச் சொன்னனீங்கள்?"

சின்ன வயதில் அவள் கேட்டபோதெல்லாம் அப்படித்தான் சொன்னேன். அதற்கு மேலும் கேட்டால், "போய்ப் படி" என்று துரத்திவிடுவேன். அன்று வீடு வந்து சேரும்வரை ரயிலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் கையை விடவேயில்லை.

அந்த நாடகக்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனால் ஏசத் தொடங்கும்போதெல்லாம் ஒன்று குத்துகிறது: அவர்கள் பிழையாகவேனும் கதையைச் சொன்னார்கள், நான் என் பிள்ளைக்குச் சொல்லவே இல்லை.