மாரண்டஹள்ளி மலையும் நான் வரையாமல் விட்ட தக்காளித் தோட்டமும்

மலையை நேரில் உட்கார்ந்து வரைய வேண்டும், போட்டோ பார்த்து வரைவது ஏமாற்று வேலை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பேசுகிறவன் நான். அந்த வீறாப்பில்தான் போன சனிக்கிழமை மாரண்டஹள்ளிக்குக் கிளம்பினேன். தருமபுரியில் காலை 5.20க்கு பஸ், டிக்கெட் 40 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் மலை முழுசாகத் தெரியும்.

ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். எதிரே தக்காளித் தோட்டம், வரிசையாகக் குச்சி ஊன்றியிருந்தது. பார்ப்பவர் கண் நேராக மலைக்குப் போக வேண்டும் என்று படத்தின் முன்பகுதியை வெறுமையாக விடுவது என் வழக்கம். தோட்டம் இருந்த இடத்தில் செம்மண் நிறத்தை இழுத்துவிட்டேன். ஒன்பது மணிக்குப் படம் முடிந்தது, நன்றாகவும் வந்திருந்தது.

தக்காளி பறித்துக்கொண்டிருந்த தோட்டக்காரம்மா ஆரோக்கியமேரி வந்து எட்டிப் பார்த்தார்.

“எங்க தோட்டம் எங்கீங்க?”

“மலை எடுப்பா தெரியணும்னு அத விட்டுட்டேங்க.”

அவருக்கு வந்ததே கோபம்! “நீங்களும் அப்படியேங்களா? புது ரோட்டுக்கு நெலம் எடுக்கறோம்னு நோட்டீஸ் வந்திருக்குது. அதுல எங்க ஒன்றரை ஏக்கரும் தரிசாம். பாத்து எழுத வந்த ஆபீசரு ஜீப்ப வுட்டு எறங்கவே இல்லீங்க. தரிசுன்னா பயிருக்கும் போர் கெணத்துக்கும் நஷ்டஈடு ஒண்ணும் கெடைக்காது.”

எனக்கு ரத்தம் கொதித்தது. கண்ணெதிரே காய்த்து நிற்கும் செடியை இல்லை என்று எழுத எப்படிக் கை வரும்? திட்டுவதற்கு வாயெடுத்தேன். மடியிலிருந்த படத்தில் நான் பூசிய செம்மண் நிறம் இன்னும் ஈரமாக இருந்தது. அந்த ஆபீசராவது ஜீப்பிலிருந்து பார்த்தார். நான் இரண்டு மணி நேரம் நேரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அதே வேலையைச் செய்திருக்கிறேன்.

வரப்பில் இறங்கி வேறு தாள் எடுத்தேன். குச்சிகள், காய்கள், மோட்டார் கொட்டகை, குனிந்து பறிக்கும் அவர் எல்லாம் வந்தது. மலைக்குத் தாளின் மேல் ஓரத்தில் இரண்டு விரல் அகலம்தான் கிடைத்தது.

“நாங்க காட்டுன போட்டோவ ஆபீசுல பழசுன்னுட்டாங்க. இதுல தேதி போட்டு, உங்க அட்ரஸும் எழுதுங்க. அந்த மொதப் படமும் வேணுங்க. ரோட்டுல இருந்து பாத்தா இப்படித்தான் எழுதத் தோணும்னு செவ்வாக்கெழம நெல விசாரணையில காட்டணும்,” என்றார்.

வரையப் போகிறவர்களுக்கு: தண்ணீர் இரண்டு லிட்டர் வேண்டும், பத்து மணிக்குமேல் வெயில் தாங்காது. தயவுசெய்து தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே இறங்கிப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு நானும் போகிறேன். தப்பாக வரைந்தவன் நான்தான் என்று எழுந்து சொல்லப்போகிறேன். தப்பாக எழுதியவர் எழுந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.