வ.சீ. என்றால் என்ன?

எங்கள் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் அவளுக்கு சி.ஐ.டி. என்று பேர். பேர் வைத்தது நான்தான். டீக்காரர் கொண்டுவந்த டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். "லீவு லெட்டர்ல காய்ச்சல்னு போட்டிருக்க, கையெழுத்து இவ்வளவு நேரா இருக்கே?" என்று என்னையே கேட்டவள். இருபத்தாறு வருஷம் பக்கத்து மேசையில் இருந்திருக்கிறேன். அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கேள்வி கேட்காமல் ஒரு விஷயத்தை நம்பினாள். சொன்னவள் நான்.

கம்ப்யூட்டர் வந்த புதிது. பழைய கேஸ் ஷீட்டுகளை நம்பர் வாரியாக அட்டவணையில் ஏற்றச் சொன்னார்கள். சுருக்கெழுத்தை எல்லாம் விரித்து எழுத வேண்டும். ஐந்து வருஷத்துக் கட்டுகளில் திரும்பத் திரும்ப "வ.சீ." என்று வந்தது. யாரைக் கேட்டாலும் தெரியவில்லை. "வயித்துல தையல் போட்டிருக்கு. வயிற்றுச் சீரமைப்பு. வேற என்னவா இருக்கும்?" என்றேன். மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரம் எனக்கு. அவள் தலையாட்டிவிட்டு அடித்தாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

போன மாதம் உத்தரவு வந்தது. முப்பது வருஷத்துக்கு முந்தைய காகிதம் எல்லாம் கூழாலைக்குப் போகிறது. அட்டவணை மட்டும் இருக்கும். வெள்ளிக்கிழமை அதையும் பூட்டிவிடுவார்கள், பிறகு யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. திங்கட்கிழமை நாங்கள் கட்டுகளை இறக்கி எண்ணிக்கொண்டிருந்தோம். அவள் ஒரு கட்டை அவிழ்த்தபடியே நின்றுவிட்டாள்.

"இங்க பாரு. ஒரே நாள்ல பதினோரு பேருக்கு வ.சீ. எல்லாம் பொண்ணுங்க. பன்னெண்டுலேர்ந்து இருபது வயசுக்குள்ள. பதினோரு பேருக்கும் ஒண்ணா வயிறு கெட்டுப்போச்சா? ஒரே சோத்துப்பானையா?"

"விஷக்காய்ச்சல் மாதிரி ஏதாவது பரவியிருக்கும்டி."

"பசங்களுக்குப் பரவாதா?"

அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த வருஷத்து முதல் பதிவேட்டைப் புரட்டினாள். முதல் இரண்டு பக்கமும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஈரத்தில் ஒட்டியிருக்கும் என்று நான் சொன்னேன். ஈரம் இப்படி நாலு ஓரத்திலும் கோடு போட்ட மாதிரி ஒட்டாது என்றாள் அவள். ஈரத்துணியை வைத்து, அரை மணி நேரம் பொறுமையாகப் பிரித்தாள்.

உள்ளே அழகான கையெழுத்தில் சுருக்கெழுத்துகளுக்கு விளக்கம். ஏழாவது வரி இது: "வ.சீ. — வம்சச் சீர்மை. கருக்குழாய் இரண்டும் அறுத்துக் கட்டப்படும். நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் குடல்வால் அறுவை என்று மட்டும் சொல்லவும்."

அந்தக் காலத்தில் இப்படி ஒரு பித்து உலகத்தில் பல இடங்களில் பிடித்திருந்தது. நல்ல மாட்டைச் சேர்த்து நல்ல கன்று எடுப்பது போல மனுஷரையும் எடுத்துவிடலாம் என்று படித்தவர்களே மேடை போட்டுப் பேசினார்கள். சட்டம் போட்டுச் செய்த நாடுகளும் உண்டு. யார் பெறலாம், யார் பெறக்கூடாது என்று பட்டியல் எழுதியவன் எவனும் தன் வீட்டுப் பெண்ணை அதில் எழுதியிருக்க மாட்டான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அவள் இதொன்றையும் பேசவில்லை. "எங்க அக்காவுக்குப் பதினாலு வயசுல இங்கதான் குடல்வால் ஆபரேஷன்," என்றாள். "ஸ்கூல் வேன்ல கூட்டிட்டு வந்தாங்க."

அக்காவை எனக்குத் தெரியும். பள்ளிச் சீருடை தைப்பவர். கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை என்று புருஷன் வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து தங்கையோடுதான் இருக்கிறார். தன் வயிற்றைப் பற்றி அவரே கேலி பேசுவார், நாம் சிரிக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

அக்காவின் கேஸ் ஷீட் மூன்றாவது கட்டுக்குள் இருந்தது. சி.ஐ.டி. அதைப் படித்துவிட்டு என்னிடம் தரவில்லை. நேரே கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் காலத்துல நல்ல எண்ணத்துலதான்மா செஞ்சிருப்பாங்க."

"நல்ல எண்ணம்னா ரெண்டு பக்கத்தையும் ஏன் சார் பசை போட்டு ஒட்டினாங்க?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, லாரி வெள்ளிக்கிழமை காலை வரும் என்றார். அட்டவணையில் பிழை இருந்தால் திருத்துவது உங்கள் வேலைதானே, என்னை எதற்குக் கேட்கிறீர்கள் என்றும் சொன்னார். பயந்து சொன்னாரா, உதவத்தான் சொன்னாரா என்று இன்றுவரை எங்களுக்குப் புரியவில்லை. அவள் அந்த நானூற்றுப் பன்னிரண்டு காகிதங்களில் ஒன்று தவிர எல்லாவற்றையும் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். அக்காவின் தாளை மட்டும் பைக்குள் வைத்தாள். ஆஸ்பத்திரித் துண்டுக் காகிதத்தில் சொந்தக் கணக்குக்கூடப் போடாதவள் அவள்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. ஊரையே சந்தேகப்பட்டவள், பக்கத்தில் படுத்திருந்த அக்காவின் வயிற்றுத் தழும்பைச் சந்தேகப்படவில்லையே என்று வழியெல்லாம் புலம்பினாள்.

அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காதுமெஷினைச் சரிசெய்துகொண்டார். பத்து வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. எதிரே நிற்பவர் உதட்டைப் பார்த்தே சமாளித்ததால் அது வீட்டில் யாருக்கும் தெரிய இன்னும் பத்து வருஷம் ஆனது. தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். காரணம் என்ற இடத்தில் பள்ளியிலிருந்து யாரோ எழுதியனுப்பிய வரி அப்படியே இருந்தது: "மந்த புத்தி. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை."

அக்கா அந்த வரியில் விரலை வைத்தார். "பின்னாடி நின்னா கூப்பிட்டாங்க?"

சி.ஐ.டி. அக்காவின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"முன்னாடி வந்து கூப்பிட்டிருந்தா பார்த்திருப்பேனே," என்றார். அப்புறம் தாளை மடியில் போட்டுக்கொண்டு, "ஏழு வருஷம் அந்த மனுஷன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு இருந்தேன்டி," என்று சொல்லி அழுதார். சி.ஐ.டி.யும் அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது, அடிக்க வேண்டியவர்கள் எல்லாரும் செத்துப்போயிருந்தார்கள்.

மறுநாள் காலையில் அக்கா ரெக்கார்டு ரூமுக்கே வந்துவிட்டார். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அன்றைக்குத் தப்பாகச் சொன்னவள் நான் என்பதால் இந்தத் தடவை நான்தான் அடித்தேன். அக்கா பேருக்கு எதிரே "வயிற்றுச் சீரமைப்பு" என்பதை அழித்துவிட்டு "வம்சச் சீர்மை" என்று போட்டேன். இப்போது சரியாகச் செய்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அக்கா திரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அது அவங்க வெச்ச பேரும்மா. எனக்கு எதை சீர் பண்ணினாங்க? நடந்ததை எழுது."

நான் அதையும் அழித்தேன். பிறகு எழுதினேன்: "பதினான்கு வயதுப் பெண். காது கேட்காது. அவளிடம் சொல்லாமல் கருக்குழாய்கள் அறுக்கப்பட்டன."

அக்கா இரண்டு தடவை படித்தார். "சரி," என்றார். "அடுத்தது யாரு?"

சி.ஐ.டி. அலமாரியைத் திறந்து, அடுத்த பெண்ணின் பேரைச் சத்தமாகப் படித்தாள்.