சோழவந்தானில் ஒரு சிவப்பு வட்டம்

காலை எட்டே காலுக்குச் சிம்மக்கல் விடுதியை விட்டுக் கிளம்பினேன். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரை ஆட்டோவுக்கு நூறு ரூபாய். மீட்டர் இல்லையா என்று கேட்டதற்கு, "இருக்குண்ணே, போட்டா உங்களுக்குத்தான் கூட ஆகும்" என்றார் ஓட்டுநர். இந்த நரைத்த தலையைப் பார்த்தும் அண்ணே என்றாரே என்று குளிர்ந்துபோய்ப் பேரத்தை விட்டுவிட்டேன். இவ்வளவு சுலபமாக மயங்குகிற ஆள்தான் முப்பது வருடமாக ஓவியங்களுக்குத் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். சோழவந்தானில் ஒரு வீட்டில், அறுபதுகளில் வரைந்த அரூப ஓவியம் ஒன்று இருக்கிறது. மனிதர், மரம், மாடு ஒன்றும் கிடையாது. கட்டங்கள், ஒரு வட்டம், நிறங்கள், அவ்வளவுதான். வரைந்தவர் சென்னையில் ஓவியம் படித்த அந்த ஊர்க்காரர், இறந்து பல காலமாகிறது. அவருடைய மற்ற ஓவியங்கள் போன இடம் தெரியவில்லை. இந்த ஒன்றைப் பற்றி நான் எழுதிய கட்டுரைதான் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. "நடுவே கொதிக்கும் சிவப்பு வட்டம், ஓவியரின் அடங்காத கோபம்" என்று அதில் ஒரு வரி. இன்றும் கூட்டங்களில் யாராவது அதை எடுத்துச் சொல்வார்கள். ஆனால் அந்த ஓவியத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு கண்காட்சிக் கையேட்டில் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்துக்கொண்டு எழுதினேன். சாவதற்குள் ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும், வட்டம் சிவப்பாகவே இருந்துவிட வேண்டும். இந்த இரண்டு ஆசையோடு பஸ் ஏறினேன்.

எட்டு ஐம்பதுக்கு வண்டி எடுத்தார்கள். இருபத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் இருபது ரூபாய். கோச்சடையின் அடுக்குமாடிகள் தாண்டி, துவரிமானில் தென்னந்தோப்புகள் தொடங்கி, மேலக்கால் வழியாகப் போய்ப் பாலம் ஏறினால் கீழே வைகை. ஆற்றில் தண்ணீரைவிடக் கருவேலம் அதிகமாக இருந்தது.

பத்து மணிக்கு இறங்கினேன். ஓவியருடைய தம்பி மகன் பாண்டியன் பைக்கோடு காத்திருந்தார். ஐம்பது வயது, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். "இம்புட்டு தூரம் எங்க பெரியப்பா படத்தப் பாக்க ஒருத்தர் வாராருன்னா சும்மாவா சார்! நீங்க போன் போட்டு ரெண்டு வாரமா வீட்ல இதே பேச்சுதான்" என்றார்.

கூடத்தில், சோபாவுக்கு மேலே தொங்கியது ஓவியம். நாலடிக்கு மூன்றடி. பக்கத்திலேயே என் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள்.

வட்டம் சிவப்பாகவே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கிட்டே போய் நின்று நிதானமாகப் பார்த்தேன். சாம்பல், காவி, ஈரமண் நிறங்களில் நீளக் கட்டங்கள். ஸ்கேல் வைக்காமல் கையாலேயே இழுத்த விளிம்புகள். ஒரு கட்டத்தின் காவி மெல்லப் பக்கத்துச் சாம்பலுக்குள் கசிந்திருந்தது. எங்கேயும் அவசரமில்லை, எந்த நிறமும் இன்னொன்றை மிரட்டவில்லை. வட்டம் மட்டும் ஒட்டாமல் நின்றது. அதன் ஓரம் காம்பஸ் வைத்தாற்போல் துல்லியம். ஜன்னல் வெளிச்சத்தில் அது மட்டும் பளபளத்தது. எனாமல் பெயிண்ட்.

"இந்த வட்டம்..." என்றேன்.

பாண்டியன் மலர்ந்துவிட்டார். "கண்டுபிடிச்சிட்டீங்களே! நம்ம போர்டு எழுதுறவர விட்டு அடிச்சது சார். வயசாகி நிறம் மாறிப்போச்சுன்னு நெனச்சோம். நீங்க எழுதுனதுல தெளிவா சிவப்புன்னு போட்டிருக்கு. நீங்க வரும்போது தப்பா இருக்கக் கூடாதுல்ல? பழசை நல்லாத் தேச்சு எடுத்துட்டுத்தான் அடிச்சாரு."

"தேய்த்தா?"

"உப்புத்தாள் போட்டு, சுத்தமா."

முன்பு என்ன நிறம் என்று கேட்டேன். காபி கொண்டுவந்த அவர் மனைவி தனலட்சுமி சொன்னார்: "வெத்தலையத் திருப்பிப் போட்டா, சுண்ணாம்பு தடவுற பக்கம் ஒரு பச்சை தெரியும்ல சார், அதான். இவுக பெரியப்பா கொடிக்காலுக்குள்ளயே உக்காந்து வரஞ்சாகளாம்."

போனில் மகளுடைய பிறந்தநாள் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினார். பிள்ளைகளுக்கும் பலூன்களுக்கும் பின்னால் வட்டத்தின் பாதி தெரிந்தது, என் நகத்தளவு. வெளிறிய அந்தப் பச்சை சாம்பலுக்குள் பாதி கரைந்து, இருக்கிறதா இல்லையா என்பதுபோல் இருந்தது. நீளக் கட்டங்கள் பாத்திகள் என்பது அப்போதுதான் உறைத்தது. கொடிக்காலின் நிழலில் உட்கார்ந்த ஒருவர் வரைந்த அமைதி அது. கோபமாவது மண்ணாவது! கோபத்தை ஏற்றியது நான்.

"இப்பத்தான் சார் சரியா இருக்கு" என்றார் பாண்டியன்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. ஆனால் சொன்னேன். நான் பார்த்தது கறுப்பு வெள்ளைப் படம், சிவப்பு என்பது என் ஊகம், பச்சைதான் சரி, அது இனி திரும்பாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாண்டியன் முதலில் சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று. பிறகு ஓவியத்தைப் பார்த்தபடி சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

தனலட்சுமிதான் பேசினார். "கல்யாணமாகி வந்ததுலருந்து இருவத்தாறு வருசம் தெனமும் பாத்தோம் சார். எங்க கண்ண நம்பாம, பாக்காத உங்கள நம்பிட்டோமே."

பதினொன்றரைக்குப் பாண்டியனே பஸ் ஏற்றிவிட்டார். வண்டி நகரும்போது பழக்கதோஷத்தில் "பாத்துப் போங்க சார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

போய்வந்த ஊருக்கு வாசகரையும் போகச் சொல்லித்தான் இத்தகைய கட்டுரையை முடிப்பார்கள். அந்த ஓவியத்தைப் பார்க்க யாரும் சோழவந்தான் போக வேண்டாம். இப்போது அங்கே தொங்குவது என்னுடைய கட்டுரை.