துப்பறியும் கதையில் வந்த சாமி

எழுபதுகளின் கடைசியில் பரமத்தி வேலூரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். வெற்றிலை விலை, லாரி கவிழ்ந்த விபரம், திருவிழாக் கூட்டம் ஆகியவற்றை எழுதி சேலம் பஸ்ஸில் கொடுத்தனுப்புவது வேலை. செய்தியில் என் பெயர் வராது. ஒரு வாரப் பத்திரிகையிலாவது பெயரோடு ஒரு கதை வந்துவிட வேண்டும் என்று துடித்தேன். எழுதத் தெரியுமா என்ற கேள்வி அப்போது எழவில்லை.

எந்த வகைக் கதை என்பதில்தான் குழப்பம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்த நண்பரிடம் யோசனை கேட்டேன். அவர் இலக்கியம் பேசவில்லை, அலமாரியைக் காட்டினார்.

“சரித்திரக் கதைக்கெல்லாம் அட்டை போயிருச்சுங்க. துப்பறியும் கதைக்கு அட்டையும் இல்ல, கடைசிப் பக்கமும் இல்ல. சமூகக் கதையப் பாருங்க, கல்யாணப் பொண்ணாட்டம் புதுசாவே இருக்குது.”

அதிகம் கிழிந்திருந்த வகையைத் தேர்ந்தெடுத்தேன்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வாரம் இரண்டு முறை நிற்பவன் கருவுக்கு அலைய வேண்டியதில்லை. வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டி ஒரு வீடு. திருடன் வீட்டுக்காரியை அறைக்குள் தள்ளி, வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு நகைகளோடு போய்விடுகிறான். எப்படி வெளியே வந்தாய் என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். “சாமிதானுங்க தாழத் தொறந்து உட்டுச்சு” என்கிறாள். எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சொன்னது தன் நான்கு வயது மகனை. தாழ்ப்பாளோ அவன் கைக்கு எட்டாத உயரம். ஆகவே அவள் சொல்வது பொய். நகையை ஒளித்தவளே அவள்தான்.

‘எட்டாத தாழ்ப்பாள்’ என்று தலைப்பிட்டுப் பன்னிரண்டு பக்கம் எழுதி, சென்னை வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினேன். சாட்சி சொன்னதைச் சொன்னபடி போடுவது நிருபர் புத்தி. சாமி யார் என்பதை ஏழாம் பக்கம் வரை மர்மமாக வைத்திருந்தேன்.

சென்னை ஆசிரியர் ஆறாம் பக்கத்தைத் தாண்டவில்லை போலிருக்கிறது. ஆடி வெள்ளிச் சிறப்பிதழில், ‘வாசகர் அருள் அனுபவம்’ பகுதியில், ‘கதவு திறந்த கருணை’ என்ற தலைப்பில் ஒரே பக்கமாக வந்தது. “சாமிதானுங்க தாழத் தொறந்து உட்டுச்சு” என்ற வரியோடு முடிந்திருந்தது. ஓவியர் சூலத்தோடு அம்மனை வரைந்திருந்தார். என் குற்றவாளி பக்தையாகிவிட்டாள். என் பெயரில் மட்டும் எழுத்துப் பிழை இல்லை.

நண்பர் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஏனுங்க, தாழத் தொறந்த சாமி அப்படியே நகையயும் மீட்டுக் குடுத்திருக்கப்படாதுங்களா?”

“கிண்டல் பண்ணாதீங்க. அது சாமி இல்லீங்க, பையன்.”

“என்னத்தப் பையன்? கையில சூலம் வெச்சிருக்குதே!”

நாளிதழில் தவறு நேர்ந்தால் மறுப்புப் போடுவோம். அந்தப் பழக்கத்தில் ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதினேன்: ‘நான் சாமி என்று எழுதியது அம்மனை அல்ல, அந்தப் பெண்ணின் நான்கு வயது மகனை. திறந்தவன் அவன் என்பதே அவள் வாக்குமூலம். தாழ்ப்பாள் அவனுக்கு எட்டவே எட்டாது.’ துப்பறியும் எழுத்தாளனாக என்னை நிலைநாட்டிக்கொள்ள எனக்கு இருந்த ஒரே வழி அந்தக் கார்டுதான்.

அடுத்த மாதம் அதுவும் அச்சில் வந்தது. தலைப்பு, ‘பாலகன் உருவில் வந்தாள்.’ எட்டாத தாழ்ப்பாளைப் பிஞ்சுக் கை திறந்ததை எண்ணிச் சிலிர்த்து, ஆசிரியர் கீழே நான்கு வரி எழுதியிருந்தார். இத்தகைய அனுபவங்களைத் தொடர்ந்து அனுப்பும்படி தனியாக ஒரு கடிதமும் வந்தது.

இரண்டாவது மறுப்பு எழுத உட்கார்ந்தேன். பாதியில், இதையும் போட்டுவிடுவார்கள் என்று தோன்றியது. பெயரோடுதான் போடுவார்கள் என்பதும் கூடவே தோன்றியது. மறுப்பைக் கிழித்துவிட்டு, காவிரிக் கரையில் நடக்கக்கூடிய அற்புதம் ஒன்றை யோசிக்க ஆரம்பித்தேன்.